பதினான்கு விநாடி மௌனம்

பல்லைப் பிடுங்கிப் பழகிய கையால் இன்று பேச்சாளர்களைப் பிடுங்கிப் போடுவதற்காக மேசைமுன் மணியோடு அமர்ந்திருக்கும் தலைவர், பல் மருத்துவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி முடித்து, முழங்கிய மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே! ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, தன் பேச்சை மட்டும் பிரேக் இல்லாமல் ஓட்டிக்காட்டிய ஓட்டுநர் பள்ளி உரிமையாளர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த மதியூகத் தாய்மார்களே! தாய்மார்கள் இழுத்ததால் வந்து, வந்ததால் வருந்திக்கொண்டிருக்கும் கணவன்மார்களே! ஒலிபெருக்கிக்காரரே! மூன்றாம் வரிசையில், வலது ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தட்டச்சுப் பள்ளி அக்கா அவர்களே! எல்லோருக்கும் சேர்த்து ஒரு வணக்கம். அக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் தருகிறேன்.

நண்பர்களே, இன்று நாம் எதற்குக் கூடியிருக்கிறோம்? எண்பதுகளில் நம் ஊர் ஈன்றெடுத்த இசைக்கலைஞர்களில் 'சகாப்தம்' என்னும் பட்டத்துக்கு உரியவர் யார் என்று தீர்ப்புச் சொல்லக் கூடியிருக்கிறோம். வென்றவரின் படம் இந்த மண்டபத்தின் சுவரில் ஏறப்போகிறது. உங்கள் கையில் வாக்குச்சீட்டு இருக்கிறது. அதில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. நான் பேசி முடித்ததும் நீங்கள் ஒன்றில் கோடு போட வேண்டும். கட்சி சேராத ஆள் ஒருவர் கடைசியில் பேசட்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். பதினான்கு வருடம் பாட்டுப் பதிவுக்கடை வைத்திருந்தவன் நான். நீங்கள் பாட்டுகளின் பட்டியல் எழுதிக் கொடுத்தீர்கள், நான் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். ஆகவே நான் நடுநிலையாளனாம். பூனையை மீனுக்கு நடுவராக வைத்திருக்கிறீர்கள்.

சகாப்தம்! எவ்வளவு பெரிய சொல்! எவ்வளவு சல்லிசாகப் போய்விட்ட சொல்! போன மாதம் நம் தெருவில் முடிதிருத்தகம் திறந்தவர் சகாப்தம். இந்த மாதம் அதை மூடியவரும் சகாப்தம். பாட வந்தவன் சகாப்தம், பாட வந்தவனுக்குப் பாய் விரித்தவன் சகாப்தம், பாய்மேல் படுத்துத் தூங்கியவனும் சகாப்தம். இப்படி ஆளுக்கொரு சகாப்தம் ஆகிவிட்டால், சும்மா பிறந்து சும்மா இருப்பவர்கள் எங்கே போவார்கள் ஐயா? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றார்கள். நாம் இலுப்பைப்பூவுக்குப் படம் மாட்ட ஆணி தேடிக்கொண்டிருக்கிறோம்.

முதல் பெயரைப் பாருங்கள், பத்துவிரல் அவர்கள். கீபோர்டு என்னும் மின்னிசைப் பலகையின் மன்னராம். 'பத்து விரலில் பதினாறு வாத்தியம்' என்று அவருக்காக வாதாடிய நண்பர் பாடினார். உண்மைதான், மறுக்கவில்லை. அந்தப் பெட்டியின் இடதுபுறம் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மேளம் தானே அடிக்கும், தாளம் தானே விழும், பின்னணியும் தானே வரும். அழுத்திவிட்டு இவர் சோடா குடிப்பார். நான் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தவன். அவர் சோடா குடித்த அழகுக்கு ஒரு பட்டம் கொடுங்கள், நானே முதலில் கைதட்டுகிறேன்.

இரண்டாவது பெயர், கறுப்புக்கண்ணாடி அவர்கள். ஆட்டமும் பாட்டமும் கலந்த அற்புதமாம். அவர் பாடியவை மூன்று பாட்டு, அவற்றுக்கு மெட்டு ஒன்று. ஓட்டுநர் பள்ளி உரிமையாளர் என்ன சொன்னார், கேட்டீர்களா? 'மேடையை விட்டு மக்களிடம் இறங்கிவந்த முதல் கலைஞர்' என்றார். ஐயா, அன்று நீங்கள் எந்த வரிசையில் இருந்தீர்களோ, எனக்குத் தெரியாது. நான் முதல் வரிசையில் இருந்தேன். அவர் இறங்கி வரவில்லை, விழுந்தார். மாலை ஆறரை மணிக்குக் கறுப்புக்கண்ணாடி போட்டால் மேடையின் விளிம்பு எப்படித் தெரியும்? தூக்கி நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். தூக்கும்போது அவர் என் காதில் சொன்ன வார்த்தையை இந்த மேடையில் சொல்ல முடியாது. அதுதான் அவர் சொந்தமாக மெட்டமைத்த ஒரே வரி.

சிரியுங்கள், சிரியுங்கள். பின்வரிசையில் நாற்காலியைத் தட்டும் பெரியவரே, கொஞ்சம் சிரிப்பை மிச்சம் வையுங்கள். உங்கள் ஆளும் வருகிறார்.

மூன்றாவது பெயர், பட்டுக்குரல் அவர்கள். இந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் இவருக்குத்தான் கோடு போடப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். அவருக்காக மருந்துக்கடை அண்ணன் முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அதில் இருபது நிமிடம் ஒரே ஒரு பாட்டைப் பற்றி, அந்தப் பாட்டிலும் ஒரே ஒரு இடத்தைப் பற்றி. நம் ஊரில் 'ஜன்னல் பாட்டு' என்று சொன்னால் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் இசையெல்லாம் மெல்ல அடங்கி, குரலும் அடங்கி, பதினான்கு விநாடி ஒரு மௌனம். பிறகு எல்லாம் மெல்ல எழுந்து வரும்.

அந்த மௌனத்தைப் பற்றி அண்ணன் என்னவெல்லாம் சொன்னார்! அந்த மௌனத்தில் அவர் அழுதாராம். அந்த மௌனத்தில் ஆகாயம் மூச்சு விட்டதாம். சொல்லால் சாதிக்காததைச் சூனியத்தால் சாதித்த சூரனாம். அந்தப் பதினான்கு விநாடியைக் கண்ணை மூடிக் கேட்டால் இரத்த அழுத்தம் இறங்குகிறதாம். அப்படியானால் அண்ணன் எதற்கு மாத்திரை விற்கிறார் என்று நான் கேட்கவில்லை. நாளை உங்களுக்கும் அவருக்கும் வியாபாரம் இருக்கிறது.

நான் கேட்பது வேறு. அந்த மௌனத்தை உண்டாக்கியவர் யார்? பட்டுக்குரலா? இல்லை. இசையமைத்தவரா? இல்லை. பதிவுக்கூடமா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! பெருமக்களே, அதை உண்டாக்கியவன் உங்கள் முன்னால் நிற்கிறான். இந்த வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் உங்கள் சகாப்தம்.

தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். ஐயா, என் பல்லெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. புத்தியும் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

ஜன்னல் பாட்டு படத்தில் வந்த பாட்டல்ல. தனியாக வெளியான பாட்டு. வானொலி அதைத் தொட்டதே இல்லை. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு இசைத்தட்டு, அது வந்தது என் கடைக்கு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் தட்டிலிருந்தே பதிந்து கொடுத்தால் ஊசியும் தேயும், தட்டும் தேயும். அதனால் நாங்கள் எல்லாக் கடைக்காரர்களும் ஒரு வேலை செய்வோம். தட்டை ஒரே ஒரு முறை ஓடவிட்டு நல்ல கேசட் ஒன்றில் பதிவோம். அதற்குத் தாய்க் கேசட் என்று பெயர். அப்புறம் தட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊருக்கெல்லாம் தாயிலிருந்து பிள்ளை எடுத்துக் கொடுப்போம். நீங்கள் கேட்டது, உங்கள் மனைவி கேட்டது, உங்கள் பேருந்தில் ஓடியது, எல்லாம் அந்த ஒரு தாயின் பிள்ளைகள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அந்தத் தாயை நான் பதிந்த மத்தியானம் நடந்தது இது. தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சரணம் முடிகிறது. தொலைபேசி அடிக்கிறது. பேசுவதற்காகச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். என் மேசையில் இரண்டு திருகுகள். ஒன்று அறையில் கேட்கும் சத்தத்துக்கு, மற்றது கேசட்டில் ஏறும் சத்தத்துக்கு. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில். எதைத் திருகினாலும் அறையில் சத்தம் குறையும். நான் மெல்லத் திருகினேன். பேசினேன். பேசி முடித்து மெல்லத் திருப்பினேன். தப்பான திருகைத் தொட்டேன் என்பது எனக்கே தெரியாது. இசை அடங்கியதும் நான்தான், ஆகாயம் மூச்சு விட்டதும் நான்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, நீங்கள் காக்கைக்குக்கூட அல்ல, பக்கத்து மரத்துக்கு மாலை போடுகிறீர்கள்!

அன்று தொலைபேசியில் கூப்பிட்டது யார் என்று கேட்க மாட்டீர்களா? கேளுங்கள். அப்போது மருந்துக்கடை அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாண வீட்டில் போட ஒரு கேசட் கேட்டிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுவார். அந்தத் தாய்க் கேசட்டின் அட்டையில் என் கையெழுத்தில் இன்றைக்கும் இருக்கிறது: 'மருந்துக்கடை, கல்யாணம், அவசரம்.' அன்றைக்கும் அதே குரல்தான். "கேசட் ரெடியாயிடுச்சா?" என்று கேட்டார். "உங்க கேசட்தான் ஓடிட்டிருக்கு, போனை வைங்க அண்ணே" என்று சொன்னேன். இந்தப் பேச்சுக்கு ஆனது பதினான்கு விநாடி. அண்ணன் இன்று இருபது நிமிடம் புகழ்ந்த மௌனம், அண்ணன் பேசிய பேச்சு.

அண்ணி அங்கே முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். அண்ணனே, உட்காருங்கள். இன்னும் முடியவில்லை. இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிமேல் சொல்வதற்குச் சிரிக்க மாட்டீர்கள்.

இந்த விழாவில் போடுவதற்கு ஜன்னல் பாட்டு வேண்டும் என்று போன வாரம் என்னைக் கேட்டார்கள். தாய்க் கேசட்டைப் போட்டேன், கருவி அதன் நாடாவைத் தின்றுவிட்டது. அது கிடக்கட்டும், கேசட்டுக்காகக் கண்ணீர் விடுகிறவன் நானில்லை. பெட்டியைத் திறந்து தட்டை எடுத்தேன். அந்த ஒரு மத்தியானத்துக்குப் பிறகு நான் தொடாத தட்டு. ஊசியை வைத்தேன். முதல் சரணம் முடிந்தது. மௌனத்துக்காகக் கண்ணை மூடினேன்.

மௌனம் வரவில்லை. ஒரு பெண் பாடினாள்.

வார்த்தை கிடையாது. வெறும் குரல்தான். கீழே தொடங்கி, ஒரு வளைவு வளைந்து, மேலே போய் நின்று, நின்ற இடத்திலிருந்து அந்த இரண்டாம் சரணத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுகிறது. பதினான்கு விநாடி. பெரியோர்களே, என் அகந்தையைக் கேளுங்கள். நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? தட்டு தப்பாகப் பாடுகிறது என்று நினைத்தேன். மூலம் தப்பு, என் நகல் சரி! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையே தெரியவில்லை.

யார் அந்தப் பெண்? தட்டின் உறையில் பட்டுக்குரலின் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. உறையை அச்சடித்த அச்சகத்தின் பெயர்கூட இருக்கிறது. இவளுக்கு இருப்பது 'மற்றும் குழுவினர்'. ஆனால் உங்களுக்கு அவளைத் தெரியும். நீங்கள் அவளைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தது மட்டுமா செய்தீர்கள்?

ஒரு வருடம் கழித்து, பள்ளித் திடலில் பட்டுக்குரலின் கச்சேரி. நாம் எல்லோரும் போனோம். என் கேசட்டைக் கேட்டுக் கேட்டுக் காதைப் பழக்கிவைத்திருந்த ஊர் மொத்தமும் போனது. ஜன்னல் பாட்டு வந்தது. முதல் சரணம் முடிந்தது. நாம் மௌனத்துக்காக மூச்சைப் பிடித்தோம். அப்போது ஓரத்தில் நின்ற ஒரு பெண், இருபது வயது இருக்கும், அரை அடி முன்னால் வந்து பாடத் தொடங்கினாள். தட்டில் பாடியதைத்தான் பாடினாள். தன் பங்கைத்தான் பாடினாள். நாம் என்ன செய்தோம்?

'நிறுத்து' என்றோம். 'மௌனத்தைக் கெடுக்காதே' என்றோம். காகிதத்தைச் சுருட்டி எறிந்தோம். முதல் விசில் யாருடையது தெரியுமா? என்னுடையது. அவளை அழித்தவனும் நான், அழிந்த இடத்துக்கு அவள் வந்து நின்றபோது விரட்டியவனும் நான்.

அவள் பாதியில் நிறுத்தினாள். பட்டுக்குரலைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும் அல்லவா? பதிவுக்கூடத்தில் பக்கத்து ஒலிவாங்கியில் அவள் பாடியதைக் கேட்டவர் அல்லவா? 'இது இவளுடைய இடம்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதுமே! சொன்னாரா? அவர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தி, பின்னால் போ என்று காட்டினார். கண்ணை மூடினார். பதினான்கு விநாடி சும்மா நின்றார். திடல் இடிந்துவிழுவதுபோல் கைதட்டினோம். அடுத்த வாரப் பத்திரிகையில் பேட்டி கொடுத்தார், 'மௌனமும் என் குரல்தான்' என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் மறைத்த இடத்தின்மேல் ஏறி நின்று மாலையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை எந்த மேடைக்கும் அழைக்கவில்லை. வேறு குழுக்களும் அழைக்கவில்லை. பட்டுக்குரலின் மௌனத்தைக் கெடுத்தவள் என்று பெயர் வந்துவிட்டது.

இவருக்கா சகாப்தம்? இந்தக் கைக்கா மாலை? இந்த வாய்க்கா படம்?

மணி அடிக்கிறீர்களா, தலைவரே? அடியுங்கள். என் நேரம் முடிந்துவிட்டது, தெரியும். முப்பத்தைந்து நிமிடம் பேசியவருக்கு அடிக்காத மணி, எனக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் அடிக்கிறது? இன்னும் ஐந்து நிமிடம்.

கச்சேரிக்கு மறுநாள் காலை அந்தப் பெண் என் கடைக்கு வந்தாள். ஜன்னல் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாள். போட்டேன். மௌனம் வந்தது, போயிற்று. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது ஒரிஜினல் தட்டுல இருந்து பதிஞ்சதா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. தட்டுல என்ன இருக்கோ அதுதான் இதுல இருக்கும்" என்று சொன்னேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

"அப்ப சரி" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையோடு அவள் என்ன எடுத்துக்கொண்டு போனாள் என்று போன வாரம்தான் எனக்குப் புரிந்தது. தன் குரல் தேறவில்லை என்று கம்பெனியே வெட்டி எறிந்துவிட்டது, அது தெரியாமல் மேடையில் போய்ப் பாடி அவமானப்பட்டோம் என்று நம்பிக்கொண்டு போனாள். நம்பி, என் கடைக்கு மேலே மாடியில் இருந்த தட்டச்சுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு அந்தப் பள்ளியையே எடுத்து நடத்தினாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் தட்டச்சுப் பழகினோம். கீழே நான் அந்தப் பாட்டைத் தினமும் போட்டேன். அந்த மௌனம் வரும்போதெல்லாம் மாடியில் ஒரு இயந்திரம் மட்டும் நிற்கும். சரணம் தொடங்கியதும் மறுபடி ஓடும். அவளும் நம் மௌனத்தை ரசிக்கிறாள் என்று நான் பூரித்துப்போவேன். சீ, நானும் ஒரு மனிதன்.

திரும்பிப் பார்க்காதீர்கள். எல்லோரும் மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர்களை ஒரு முறை பார்த்த பார்வை போதும்.

அக்கா, இதை உங்களிடம் தனியாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஏழு நாளில் நான்கு முறை மாடி ஏறினேன். ஒரு முறை கோந்து கேட்டேன், ஒரு முறை தேதி கேட்டேன், மற்ற இரண்டு முறை கதவு வரை வந்து இறங்கிவிட்டேன். இந்த வாக்குச்சீட்டையே நீங்கள்தான் அடித்துக் கொடுத்தீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று ஆண்களின் பெயரையும் ஒரு பிழை இல்லாமல் அடித்திருக்கிறீர்கள். நாலு பேர் நடுவில் செய்த குற்றத்தை நாலு பேர் நடுவில்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். தலைகுனிந்து கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள். மன்னிக்காவிட்டாலும் கேளுங்கள். இந்த மேசையில் துணி மூடிவைத்திருப்பது இசைத்தட்டு ஓட்டும் பெட்டி. உள்ளே இருப்பது அந்தத் தட்டு.

ஒலிபெருக்கிக்காரரே, ஊசியை வையுங்கள். முதல் சரணத்தின் கடைசி வரியிலிருந்து. யாரும் பேச வேண்டாம்.

…

கேட்டீர்களா?

கைதட்டாதீர்கள், தயவுசெய்து. நம் கைதட்டலின் யோக்கியதை அன்றே தெரிந்துவிட்டது. மருந்துக்கடை அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடையுங்கள் அண்ணே, நானும் துடைத்துக்கொள்கிறேன்.

அக்கா எழுந்துவிட்டார்கள். போகாதீர்கள் அக்கா. என்ன கேட்கிறீர்கள்? ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள் ஐயா. வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன். பெருமக்களே, அக்கா கேட்கிறார்கள்: "அப்ப தட்டுல இருந்துச்சா?"

இருந்துச்சு அக்கா. முழுசா இருந்துச்சு. ஒருத்தரும் வெட்டலை.

இன்னும் ஏதோ சொல்கிறார்கள். கொஞ்சம் அமைதி. "தட்டு மெதுவா சுத்துது. சுருதி அரை இறங்கியிருக்கு. வேகத்தைச் சரிபண்ணி இன்னொரு தடவை போடுங்க."

கேட்டுக்கொண்டீர்களா, பட்டம் கொடுக்கப் புறப்பட்ட பண்டிதர்களே! இத்தனை வருடம் மறைந்துகிடந்த தன் குரலை இன்று முதல் முறையாகக் கேட்கிறார்கள். அழவில்லை, பழி சொல்லவில்லை, படம் கேட்கவில்லை. சுருதி சரியில்லை என்கிறார்கள். இந்தப் பாட்டை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்போம்? நம்மில் ஒரு காதுக்காவது இது தெரிந்ததா? சீட்டில் மூன்று பெயருக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. அங்கே எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் கூடப்போவதில்லை, குறையப்போவதில்லை. குறைவு நமக்குத்தான்.

மணியோடு பொறுத்திருந்த தலைவருக்கும், வசவு வாங்கிய நண்பர்களுக்கும், பொறுமையாய் இருந்த தாய்மார்களுக்கும், அவர்களுக்குப் பயந்து பொறுமையாய் இருந்த கணவன்மார்களுக்கும் என் நன்றி. தனியாக வைத்திருந்த வணக்கம், அக்கா, இதோ உங்களுக்கு. ஒலிபெருக்கிக்காரரே, வேகத்தைச் சரிசெய்துவிட்டீர்களா? அக்கா தலையசைக்கும் வரை சரிசெய்யுங்கள். போதுமா? சரி.

இனி ஊசியை வையுங்கள். இந்த முறை யாரும் விசில் அடிக்க மாட்டார்கள்.